முகம் மாற்றிய "டைம்ஸ்"

குறை சொன்னவரையே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்!

பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். கதவுக்கு வர்ணம் பூசுகிறோம். கடைக்காரர் பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதி மாட்டுகிறார்.

வீடு அதே வீடுதான். கடையும் அதே கடைதான். ஆனாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு தெளிவு உண்டாகிறது.

பத்திரிகைக்கும் இப்படி அவ்வப்போது வெள்ளை அடிக்க வேண்டி இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு சுலபம் அல்ல. வீட்டுக்கு அடிக்கும் வர்ணம் வீட்டுக்காரருக்குப் பிடித்தால் போதும். பத்திரிகையின் தோற்றத்தை மாற்றினால் அது ஆயிரக்கணக்கான பேருக்குப் பிடிக்க வேண்டும். தினமும் காலையில் கையில் எடுத்துப் பழகிய முகம் அது. ஒரு நாள் திடீரென்று அது வேறு முகத்தோடு வந்து நின்றால் என்ன ஆகும்?

அப்படி ஒரு காரியத்தை லண்டன் "டைம்ஸ்" பத்திரிகை 1932-ம் ஆண்டில் செய்தது. அப்போது அதற்கு வயது 147. மந்திரிகள், நீதிபதிகள், பாதிரிமார்கள், பெரிய வியாபாரிகள் என்று இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் எல்லாம் படித்த பத்திரிகை அது. அதன் எழுத்தைத் தொட்டவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு முறை சிறைக்கும் போய் வந்தவர்!

அந்தக் கதையைச் சொல்லுவதற்கு முன்பு, பத்திரிகையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அச்சு வித்தை காட்டப் பிறந்தது

ஜான் வால்டர் என்பவர் லண்டனில் நிலக்கரி வியாபாரம் செய்தார். பிறகு கப்பல்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். அதில் பெரிய நஷ்டம். கையில் இருந்தது எல்லாம் போயிற்று.

அந்த நேரத்தில் அச்சுத் தொழிலில் ஒரு புது வித்தை அவர் கண்ணில் பட்டது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிறு ஈயத் துண்டாக இருக்கும். "அம்மா" என்று அச்சடிக்க வேண்டுமானால், "அ" ஒன்று, "ம்" ஒன்று, "மா" ஒன்று என்று தனித்தனியாகப் பொறுக்கிக் கோர்க்க வேண்டும். ஒரு பக்கம் கோர்ப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

"அடிக்கடி வருகிற வார்த்தையை முழுசாக ஒரே துண்டில் வார்த்து வைத்துக்கொண்டால் என்ன?" இதுதான் அந்தப் புது வித்தை. அதன் உரிமையை வால்டர் வாங்கினார். அந்த வித்தையை ஊருக்குக் காட்டுவதற்காகவே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். 1785-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இதழ் வந்தது. அதன் பெயர் "டெய்லி யூனிவர்சல் ரிஜிஸ்டர்". வாய்க்குள் நுழையாத பெயர்! மூன்று வருஷம் கழித்து, 1788-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, "டைம்ஸ்" என்று சுருக்கமாக மாற்றினார்.

வித்தை பலிக்கவில்லை. வார்த்தைகளுக்கு எல்லை ஏது? துண்டுகள் குவிந்துகொண்டே போயின. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். பத்திரிகை மட்டும் நிலைத்தது.

இரவோடு இரவாக

வால்டரின் மகனுக்கும் ஜான் வால்டர் என்றே பெயர். தகப்பனாரைவிடத் துணிச்சல்காரர்.

அப்போது அச்சு யந்திரம் கையால் இயங்கியது. ஆட்கள் மாறி மாறி இழுத்தாலும் ஒரு மணி நேரத்தில் சுமார் 250 தாள்தான் அடிக்கலாம். பிரடெரிக் கோனிக் என்ற ஜெர்மானியர் நீராவியால் ஓடும் அச்சு யந்திரம் ஒன்றைச் செய்தார். அது மணிக்கு 1,100 தாள் அடித்தது.

யந்திரம் வந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று தொழிலாளர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆகையால் பக்கத்துக் கட்டிடத்தில் ரகசியமாக யந்திரத்தைப் பூட்டினார்கள். 1814-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி இரவு, "ஐரோப்பாவில் இருந்து முக்கியமான செய்தி வருகிறது, காத்திருங்கள்" என்று ஆட்களை உட்கார வைத்தார்கள். விடியற்காலையில் முதலாளி வந்தார். கையில் அன்றைய பத்திரிகை! நீராவி யந்திரத்தில் அடித்து முடிந்துவிட்டது என்று சொன்னார். கலகம் செய்தால் அடக்குவதற்கு ஆள் இருக்கிறது என்றார். அமைதியாக இருந்தால், வேறு வேலை கிடைக்கும் வரையில் சம்பளம் உண்டு என்றும் வாக்குக் கொடுத்தார்.

கலகம் நடக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யந்திரத்தை மாற்ற இந்தப் பத்திரிகை தயங்கியதே இல்லை. வேகமான யந்திரம் எது வந்தாலும் அதை வாங்கியது. ஆனால் உள்ளே இவ்வளவு மாறியும், வெளியே இருக்கும் முகம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எழுத்து பழைய காலத்து எழுத்து. தலைப்பும் பழைய தலைப்பு. பாட்டனார் படித்த பத்திரிகை எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படியே பேரன் கைக்கும் வந்தது.

"இதுதான் எங்கள் கௌரவம்" என்று காரியாலயத்தில் நினைத்தார்கள்.

பத்திரிகை படித்துத் தொழில் கற்றவர்

ஸ்டான்லி மாரிசன் 1889-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் ஊர் ஊராகப் போய் சரக்கு விற்கிறவர். ஒரு நாள் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். தாயார்தான் குடும்பத்தைத் தாங்கினார். பையன் 14 வயதில் பள்ளியை விட்டான். குமாஸ்தா வேலைக்குப் போனான்.

குமாஸ்தா வேலையில் மாரிசனுக்கு மனம் ஒட்டவில்லை. கணக்குப் புத்தகத்தில் என்ன ருசி இருக்கிறது?

1912-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி "டைம்ஸ்" ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது. அச்சுக் கலையைப் பற்றிய மலர் அது. மாரிசன் அதை வாங்கிப் படித்தார். எழுத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு, அழகு உண்டு, அதை வைத்து ஒரு தொழிலும் உண்டு என்று அதில் இருந்துதான் தெரிந்துகொண்டார். மறு ஆண்டே குமாஸ்தா வேலையை விட்டு, ஓர் அச்சுத் தொழில் பத்திரிகையில் உதவியாளராகச் சேர்ந்தார்.

அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்லை. பழைய புத்தகங்கள்தான் வாத்தியார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அச்சான புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் ஏன் அப்படி வளைகிறது, ஏன் அந்த இடத்தில் தடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் படித்தார்.

முதல் உலகப் போர் வந்தது. "மனிதனைக் கொல்லமாட்டேன்" என்று படையில் சேர மறுத்தார். சிறையில் போட்டார்கள்.

விடுதலையான பிறகு அச்சுத் தொழிலில் அவர் பெயர் மெல்ல மெல்ல வளர்ந்தது. அச்சு எழுத்தும், அதைக் கோர்க்கும் யந்திரமும் செய்கிற "மோனோடைப்" கம்பெனி அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. எப்போதும் கறுப்பு உடைதான் போடுவார். மூக்கின் மேல் கம்பி பிரேம் கண்ணாடி. பேச்சில் கொஞ்சம் காரம் அதிகம்.

அந்தக் காரம்தான் அவரை "டைம்ஸ்" காரியாலயத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது.

ஆயிரம் பவுன் கதை

1929-ம் ஆண்டு. "டைம்ஸ்" மறுபடியும் ஓர் அச்சுக்கலை மலர் போட ஏற்பாடு செய்தது. மோனோடைப் கம்பெனியிடம் ஒரு முழுப் பக்க விளம்பரம் கேட்டு ஆள் வந்தார்.

அப்போது நடந்ததாக அச்சுத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். விளம்பரத்துக்கு ஆயிரம் பவுன். அதைத் "டைம்ஸ்" ஆட்களே தங்கள் எழுத்தில் கோர்த்துத் தருவதாகச் சொன்னார்களாம். மாரிசனுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் கோர்க்காமல் இருப்பதற்கு வேண்டுமானால் ஆயிரம் பவுன் தருகிறேன் என்ற மாதிரி வெடித்தாராம்! உங்கள் பத்திரிகையின் அச்சு அவ்வளவு மோசம், காலத்துக்கு ஒவ்வாதது என்று பொரிந்து தள்ளினாராம்.

கதையில் கொஞ்சம் கண்ணும் மூக்கும் சேர்ந்திருக்கலாம். ஆனால் மாரிசன் கடுமையாகக் குறை சொன்னதும், அது பத்திரிகையின் மானேஜர் காதுக்குப் போனதும் உண்மை.

வேறு காரியாலயமாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? "இந்தத் திமிர் பிடித்தவனிடம் இனிமேல் விளம்பரம் கேட்காதே" என்று சொல்லியிருப்பார்கள். "டைம்ஸ்" மானேஜர் மாரிசனையே கூப்பிட்டு அனுப்பினார். குறை சொன்னீர்களே, எப்படிச் சரி செய்வது என்று சொல்லுங்கள் என்று கேட்டார்.

சின்னக் குமாஸ்தாவுக்கு எழுத்தின் ருசியைக் காட்டிய அதே பத்திரிகைக்கு அவர் இப்போது ஆலோசகர்!

கண் என்ன கேட்கிறது?

மாரிசன் எடுத்த எடுப்பில் மாற்றிவிடவில்லை. 1930-ம் ஆண்டு ஒரு நீண்ட அறிக்கை எழுதி, அதை அச்சடித்து, பத்திரிகையின் முக்கியஸ்தர்களுக்கு மட்டும் கொடுத்தார். நல்ல புத்தகங்களில் அச்சு எவ்வளவோ முன்னேறிவிட்டது, நாட்டின் முதன்மைப் பத்திரிகை பின்தங்கி நிற்கலாமா என்பது அதன் சாரம்.

உள்ளே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "நன்றாகத்தானே விற்கிறது? எதற்கு மாற்ற வேண்டும்?" இந்தக் கேள்வி எந்தக் காரியாலயத்திலும் எழும். கமிட்டி போட்டு ஆராய்ந்தார்கள்.

பழைய எழுத்தில் என்ன குறை? அதில் தடித்த கோடு மிகத் தடிப்பாகவும், மெல்லிய கோடு நூல் மாதிரியும் இருந்தது. வேகமாக அச்சடிக்கும்போது மெல்லிய கோடு சரியாக விழாது. எழுத்து மங்கலாகத் தெரியும். வயதானவர்கள் விளக்கின் அடியில் பத்திரிகையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டி இருக்கும்.

"அப்படியானால் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் தீர்ந்தது" என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். எழுத்துப் பெரிதானால் இடம் போதாது. இடம் போதாவிட்டால் செய்தி குறையும், இல்லாவிட்டால் தாள் செலவு கூடும். பத்திரிகைக்கு இரண்டும் ஆகாது.

சிறிய இடத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும்! கொஞ்சம் துணியில் பெரிய சட்டை தைக்கச் சொன்ன மாதிரி!

ஏற்கெனவே இருந்த எழுத்துக்கள் பலவற்றைச் சோதித்தார்கள். பத்திரிகைப் பக்கத்தையே அந்த எழுத்துக்களில் கோர்த்து, அச்சடித்துப் பார்த்தார்கள். ஒன்று பார்க்க அழகாக இருந்தது, பத்திரிகைப் பத்திக்குப் பொருந்தவில்லை. ஒன்று தெளிவாக இருந்தது, இடத்தைத் தின்றது. எதுவும் சரிப்படவில்லை. புதிதாகவே ஓர் எழுத்துச் செய்வது என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கிலச் சின்ன எழுத்துக்களில் சிலவற்றுக்கு மேலே ஒரு கம்பு நீண்டிருக்கும். சிலவற்றுக்குக் கீழே வால் தொங்கும். நடுவில் இருப்பதுதான் எழுத்தின் உடம்பு. கண் படிப்பது பெரும்பாலும் அந்த உடம்பைத்தான். ஆகையால் கம்பையும் வாலையும் குட்டையாக்கி, உடம்பைப் பெரிதாக்கினால்? வரியின் உயரம் கூடாது. எழுத்து மட்டும் பெரிதாகத் தெரியும்!

அப்படியே செய்தார்கள். எழுத்தை அகலத்தில் கொஞ்சம் இறுக்கினார்கள். மெல்லிய கோடுகளுக்குச் சற்றுப் பலம் கொடுத்தார்கள். பழைய நூல்களில் உள்ள எழுத்தின் அழகு கெடாமல், பத்திரிகைக்கு வேண்டிய உறுதியும் வந்தது. சோதனைப் பக்கங்களைக் கண் மருத்துவரிடம் காட்டி அபிப்பிராயமும் கேட்டார்கள்.

வரைந்த கை யாருடையது?

இவ்வளவையும் சொன்னவர் மாரிசன். ஆனால் வரைந்தவர் அவர் அல்ல. "டைம்ஸ்" விளம்பரப் பகுதியில் விக்டர் லார்டென்ட் என்று ஓர் இளைஞர் இருந்தார். விளம்பரங்களுக்குப் படமும் எழுத்தும் வரைவது அவர் வேலை. அவரைத்தான் மாரிசன் பிடித்தார்.

மாதிரிக்காக ஒரு பழைய அச்சுப் பக்கத்தின் போட்டோப் பிரதியை அவரிடம் கொடுத்தார் என்று லார்டென்ட் பிற்காலத்தில் சொன்னார். பிளான்டின் என்பவர் 16-ம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரில் பெரிய அச்சகம் வைத்திருந்தவர். அவர் காலத்து எழுத்துத்தான் மாதிரி. அதைப் பார்த்து லார்டென்ட் வரைவார். மாரிசன் திருத்துவார். மறுபடியும் வரைவார். மறுபடியும் திருத்துவார்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சாய்ந்த எழுத்து, தடித்த எழுத்து, எண்கள், புள்ளிகள். செய்திக்கு ஓர் அளவு, விளம்பரத்துக்கு இன்னும் சின்ன அளவு, தலைப்புக்கு வேறு அளவு. ஒவ்வொன்றுக்கும் எஃகில் மூல அச்சு வெட்ட வேண்டும். சரியில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்ட வேண்டும். அப்படி வெட்டியவை ஆயிரக்கணக்கில் போயின.

எழுத்துக்குப் பெயர் "டைம்ஸ் நியூ ரோமன்". புகழ் எல்லாம் மாரிசனுக்குப் போயிற்று. லார்டென்ட் பெயர் வெளி உலகத்துக்கு நெடுநாள் வரையில் அதிகம் தெரியாது. இது கொஞ்சம் அநியாயம்தான். கட்டிடம் கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும், கொத்தனார் பெயர் யாருக்குத் தெரியும்?

தலைப்பில் வந்த தகராறு

எழுத்தை மாற்றக்கூட இவ்வளவு தயக்கம் இல்லை. தலைப்பை மாற்றப் போகிறோம் என்றதும்தான் பலருக்குத் திக்கென்றது.

"தி டைம்ஸ்" என்ற பெயர் அதுவரையில் "கோதிக்" என்ற பழைய மாதிரி எழுத்தில் இருந்தது. கறுத்து, தடித்து, கொம்பும் சுருளுமாக இருக்கும் எழுத்து. பழைய கோவில் ஏடுகளை ஞாபகப்படுத்துகிற எழுத்து. அதை எடுத்துவிட்டுச் சாதாரண ரோமன் எழுத்தில் போட வேண்டும் என்றார் மாரிசன். குடும்பத்தின் குலச் சின்னத்தைக் கழற்றி வைக்கச் சொன்ன மாதிரி ஆயிற்று!

மாரிசன் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. பழைய இதழ்களின் கட்டுக்களைப் புரட்டினார். 1788-ம் ஆண்டில் "டைம்ஸ்" என்ற பெயர் முதன் முதலாக வந்தபோது, அது ரோமன் எழுத்தில்தான் இருந்தது! கோதிக் எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பரம்பரை, பரம்பரை என்று கட்டிக் காத்தார்களே, அது ஒரு காலத்து நாகரிகம்தான்.

ஆக, புதிது என்று பயந்தது பழையது. பழையது என்று நினைத்தது புதிது. எதிர்ப்பு அடங்கியது.

அந்தத் திங்கட்கிழமை

1932-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி. திங்கட்கிழமை. புது எழுத்தில், புதுத் தலைப்போடு "டைம்ஸ்" வெளிவந்தது.

மாற்றத்தை ஒளித்து வைக்கவில்லை. எதற்காக மாற்றுகிறோம், என்ன மாற்றுகிறோம் என்று வாசகர்களுக்குப் பத்திரிகையே விளக்கம் சொன்னது. வீட்டில் சுவரை இடிக்கப் போகிறோம் என்றால் குடியிருப்பவரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும் அல்லவா?

பத்திரிகை கவிழ்ந்துவிடவில்லை. வாசகர்கள் ஓடிப் போகவும் இல்லை. பழகிய பத்திரிகையாகவே இருந்தது. ஆனால் படிக்கச் சுகமாக இருந்தது.

மாரிசன் விரும்பியதும் இதுதான். புது எழுத்து என்றால், அது புதிது என்றே பலருக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. செருப்பு நன்றாகப் பொருந்தினால், காலில் செருப்பு இருப்பதே நினைவு இருக்காது. கடித்தால்தான் நினைவு வரும்.

அன்று மாற்றாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். அதுதான் முதல் பக்கம். "டைம்ஸ்" முதல் பக்கத்தில் செய்தியே இருக்காது! பிறப்பு, கலியாணம், இறப்பு, வேலைக்கு ஆள் தேவை, காணாமல் போன பொருள் என்று வரி விளம்பரங்கள்தான் பக்கம் முழுவதும். உலக யுத்தம் மூண்டாலும் அந்தச் செய்தி உள்ளேதான். மற்றப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் செய்தி போட்டு விற்ற காலத்திலும் "டைம்ஸ்" அசையவில்லை.

1932-ல் அதையும் சேர்த்து மாற்றியிருந்தால் வாசகர்கள் மிரண்டிருக்கக்கூடும். எழுத்து மாறியது, பக்கத்தின் வரிசை மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கத்தைப் புரட்டினால் என்ன இருக்கும் என்று வாசகருக்குத் தெரிந்தபடியே இருந்தது.

முதல் பக்கத்துக்குச் செய்தி வர இன்னும் 34 ஆண்டுகள் ஆயின. 1966-ம் ஆண்டு மே 3-ந் தேதிதான் அது நடந்தது. அப்போது மாரிசனுக்கு வயது 76.

அதுவும் கிழமாயிற்று

ஓர் ஆண்டு வரையில் புது எழுத்தை "டைம்ஸ்" மட்டுமே உபயோகித்தது. பிறகு மற்றவர்களுக்கும் விற்றார்கள். புத்தகம் அச்சடிப்பவர்கள் விரும்பி வாங்கினார்கள். 1941-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பெண்கள் பத்திரிகை இந்த எழுத்துக்கு மாறியது. 1953-ல் சிகாகோ நகரத் தினசரி ஒன்றும் மாறியது.

வேடிக்கை என்னவென்றால், பத்திரிகைக்காகப் பிறந்த எழுத்து பத்திரிகைகளைவிடப் புத்தகங்களுக்குத்தான் அதிகம் உதவியது. "டைம்ஸ்" நல்ல வெள்ளைத் தாளில் அச்சாயிற்று. மற்றப் பத்திரிகைகளின் மட்டத் தாளில் இந்த எழுத்து அவ்வளவு எடுப்பாக விழவில்லை.

பிறகு "டைம்ஸ்" பத்திரிகைக்கும் அதே கஷ்டம் வந்தது. யந்திரங்கள் இன்னும் வேகமாயின. தாளும் பழைய தரத்தில் இல்லை. 1932-ல் தெளிவாக இருந்த எழுத்து, 40 ஆண்டுகளில் தெளிவு குறைந்துவிட்டது. எழுத்து மாறவில்லை. சுற்றி இருந்தது எல்லாம் மாறிவிட்டது.

1972-ம் ஆண்டு அக்டோபரில் அதையும் மாற்றினார்கள். வால்டர் டிரேசி என்ற எழுத்துக் கலைஞர் "டைம்ஸ் யூரோப்பா" என்ற புது எழுத்தைச் செய்து கொடுத்தார். உலகம் முழுவதும் பெயர் வாங்கிய எழுத்து ஆயிற்றே என்று "டைம்ஸ்" தயங்கவில்லை. 1932-ல் ஒரு முறை பழகியதால் கை கூசவில்லை போலும்!

அதற்கு அப்புறமும் எழுத்துக்கள் மாறின. அதைவிடப் பெரிய மாற்றம் தாளின் அளவில் வந்தது. "டைம்ஸ்" பெரிய தாள் பத்திரிகை. இரண்டு கையையும் விரித்தால்தான் படிக்கலாம். கூட்டமான ரெயிலில் அதை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் இடிக்கும். 2003-ம் ஆண்டு நவம்பரில் பாதி அளவில் ஒரு பதிப்பைக் கொண்டு வந்தார்கள்.

அங்கேயும் ஒரு நிதானம். பெரியதை உடனே நிறுத்தவில்லை. ஏறக்குறைய ஓர் ஆண்டு இரண்டு அளவிலும் அடித்தார்கள். செய்தி ஒன்றே. எது வேண்டுமோ அதை வாங்கிக்கொள்ளலாம். 2004-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல், வார நாட்களில் சிறிய அளவு மட்டும்தான் என்று ஆக்கினார்கள். மாற்றத்தைக் குறை கூறியவர்கள் இருந்தார்கள். கௌரவம் போயிற்று என்றார்கள். 1932-லும் அப்படித்தான் பயந்தார்கள்.

அளவு சிறிதானதும் பழைய எழுத்துக்கள் மறுபடியும் பொருந்தாமல் போயின. சிறு பக்கத்தில் தலைப்பு எழுத்து நெருக்கியது. 2006-ம் ஆண்டு நவம்பரில் சிறிய பக்கத்துக்கு என்றே "டைம்ஸ் மாடர்ன்" என்ற எழுத்தைச் செய்தார்கள்.

வீட்டுக்கு வீடு வந்த எழுத்து

"டைம்ஸ்" கழித்துக் கட்டிய எழுத்து என்ன ஆயிற்று? மூலையில் கிடந்து துருப்பிடித்ததா?

இல்லை. கம்ப்யூட்டர் வந்தது. ஈயத் துண்டுகளுக்கு வேலை போயிற்று. ஆனால் கம்ப்யூட்டருக்கும் எழுத்து வேண்டுமே! 1992-ம் ஆண்டு வந்த "விண்டோஸ் 3.1" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டோடு "டைம்ஸ் நியூ ரோமன்" எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த எழுத்து போகாத இடம் இல்லை. வக்கீல் நோட்டீசு, பரீட்சைத் தாள், வேலைக்கு விண்ணப்பம், கலியாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் என்று எங்கும் புகுந்தது.

கம்பும் வாலும் குட்டையாய், உடம்பு பெரிதாய், வரிகள் நெருக்கமாய் இருக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் பெயர் தெரியாமலே அதைப் பல முறை பார்த்திருப்பீர்கள்.

மாரிசன் பிற்காலத்தில் "டைம்ஸ்" பத்திரிகையின் சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதி வெளியிடுவதிலும் முன்னின்றார். "சர்" பட்டம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1967-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி காலமானார். அடுத்த ஆண்டு லார்டென்டும் காலமானார்.

தங்கள் எழுத்தைப் பத்திரிகை எடுத்து வைத்ததை இருவரும் பார்க்கவில்லை. அது கம்ப்யூட்டரில் ஏறி உலகம் சுற்றியதையும் பார்க்கவில்லை.